புதிதாகச் சேர்க்கும் கச்சேரிகள் நாஸ் இசை சர்வரில் தென்படவில்லை

கேள்வி (மயிலாப்பூர்):
வணக்கம். என் தந்தையார் கேஸட்டில் பதிந்து வைத்த மார்கழிக் கச்சேரிகளை ஃப்ளாக் (ஒலித்தரம் குறையாத வடிவம்) கோப்புகளாக்கி, வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புக் கருவியான நாஸில் சேர்த்து, மினிடிஎல்என்ஏ என்ற சர்வர் மென்பொருள் வழியாகக் கூடத்தில் கேட்கிறோம். சென்ற வாரம் மின்தடைக்குப் பின் பழையவை ஒலிக்கின்றன, புதியவை மட்டும் பட்டியலில் வருவதில்லை. தினமும் காலையில் கேட்பவர் அவர். விரைவில் சரிசெய்ய விரும்புகிறேன்.

மறுமொழி 1 (அடையாறு):
பழையவை ஒலிப்பதால் நெட்வொர்க்கில் குறையில்லை. புதிய கோப்புகளை உணர மினிடிஎல்என்ஏ கோப்புறையில் நேரும் மாற்றங்களைத் தெரிவிக்கும் லினக்ஸின் ஐநோட்டிஃபை வசதியை நம்புகிறது. அது ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு கண்காணிப்பை எடுத்துக்கொள்வதால், பல கருவிகளில் உள்ள 8192 என்ற வரம்பு தீர்ந்தபின் சேர்ப்பவை கவனிக்கப்படுவதில்லை. வரம்பை முன்பு நீங்கள் கையால் உயர்த்தி, லினக்ஸ் அமைப்புகளை நிலையாக வைக்கும் சிஸ்கன்ட்ரோல் (sysctl) கோப்பில் எழுதாமல் விட்டிருந்தால், மறுதொடக்கத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். புகைப்படக் கோப்புறைகளையும் சேர்த்துக் கண்காணிக்கிறதா என்றும் பாருங்கள்.

மறுமொழி 2 (தாம்பரம்):
புதிய கோப்புகளைப் படிக்கும் அனுமதி சர்வரின் பயனர் கணக்குக்கு உண்டா என்பதையும் பாருங்கள். அதன்பின் மினிடிஎல்என்ஏவைப் பெரிய ஆர் (-R) விருப்பத்துடன் இயக்கி, அதன் பட்டியல் தரவுத்தளத்தை முழுதாக மீண்டும் உருவாக்குங்கள். இசைக்கோப்புகளுக்கு அதனால் சேதமில்லை. நாஸுக்கு யூபிஎஸ் அவசியம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. வரம்புதான் காரணம், புகைப்படங்களும் அதே பகிர்வில் இருந்தன. இசைக்கோப்புறையை மட்டும் குறிப்பிட்டதும் அனைத்தும் வந்துவிட்டன.