ஓவன் இல்லை, ஏழு மணிக்குத்தான் வீடு: ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சிக்கன் சாலட் ரொட்டி செய்ய முடியுமா?

மாந்தோப்பு வீடு, கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை ஓசூரில், வீடு கிருஷ்ணகிரியில். பஸ் சூளகிரி தாண்டி வந்து ரவுண்டானா பக்கம் இறக்கிவிடும்போதே ஏழு மணி ஆகிவிடுகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். எட்டரைக்குள் எல்லோரும் சாப்பிட்டாக வேண்டும். தோசை, சப்பாத்தி குருமா, மறுபடியும் தோசை என்றே வாரம் ஓடுகிறது.

பெரியவள் ஏதோ ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, மெத்தென்ற ரொட்டி மேல் சிக்கன் சாலட்டைப் பரப்பி மடித்துத் தின்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கேட்பது நல்ல சாப்பாடுதான், காய்கறியும் உள்ளே போகும். ஆனால் ஓவன் கிடையாது. ஈஸ்ட் போட்டு மாவு பொங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. மயோனைஸ் வாங்க எனக்கு மனமில்லை. மாமியாருக்குக் கடைவாய்ப் பல் இல்லை, அதனால் கறி மெதுவாக இருக்க வேண்டும். செய்தவர்கள் யாராவது இருந்தால் எதை முதலில் செய்வது என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டு அக்கா

தோசைக்கல்லே போதும்மா, தாராளமாகச் செய்யலாம். வாரநாளில் நான் இதைத்தான் அடிக்கடி செய்கிறேன். இதில் கண் வைக்க வேண்டியது தண்ணீர் மேல். தயிரில் தண்ணீர், வெள்ளரியில் தண்ணீர், தக்காளியில் தண்ணீர். இந்த மூன்றையும் முன்கூட்டியே வெளியே எடுத்துவிட்டால் ரொட்டி ஊறிப்போகாது, சாலட்டும் தட்டில் ஓடாது.

காலையில் கிளம்பும்போது ஒரே ஒரு வேலை. வடிகட்டியில் பழைய வேட்டித் துணியை விரித்து, இரண்டு கப் கெட்டித் தயிரை ஊற்று. அடியில் ஒரு பாத்திரம், மேலே ஒரு தட்டு, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடு. சாயங்காலம் வந்து பார்த்தால் துணியில் வெண்ணெய் மாதிரி தயிர் நிற்கும், கீழே இளம்பச்சை நிறத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதே, மாவு பிசைய அதுதான் வேண்டும்.

கறியைப் பஸ் இறங்கி வரும் வழியில் வாங்கிக்கொள். எலும்பில்லாத நெஞ்சுக்கறி அரைக் கிலோ, கனமான துண்டை நடுவில் பிளந்து தரச் சொல். நாட்டுக்கோழி இதற்கு ஆகாது, அது வேக நேரம் கேட்கும். அதை ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கறியை அடுப்பில் ஏற்று. பச்சைத் தண்ணீரில் கறியைப் போட்டு, நசுக்கிய இஞ்சி, மிளகு, உப்பு சேர்த்துச் சூடு பண்ணு. லேசாகக் கொதி வந்ததும் சிம்மில் எட்டிலிருந்து பத்து நிமிடம், அணைத்து மூடி ஐந்து நிமிடம். இருப்பதிலேயே தடித்த துண்டை வெட்டிப் பார். நடுவில் சிவப்பு துளிகூட இருக்கக் கூடாது, வழியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். குக்கரில் விசில் விட வேண்டாம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, அழுத்தத்தில் நார் நாராக இறுகிவிடும். உன் மாமியாரால் மெல்லவே முடியாது.

இன்னொன்று, இதை வற்புறுத்தியே சொல்கிறேன். பச்சைக் கறியைக் குழாயடியில் அலசாதே. தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும் வெள்ளரியிலும் கொத்தமல்லியிலும் படும். நாம் அதைப் பச்சையாகச் சாப்பிடப் போகிறோம். கறியில் இருக்கிற கிருமி வெந்தால்தான் சாகும், அலசினால் போகாது. காய் நறுக்கும் பலகையும் கத்தியும் தனியாக இருக்கட்டும்.

கறி வேகும் நேரத்தில் மாவு. கோதுமை மாவு இரண்டு கப், அரை ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் சமையல் சோடா, ஒரு ஸ்பூன் எண்ணெய். தயிர்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசை, போதாவிட்டால் பச்சைத் தண்ணீர் சேர்த்துக்கொள். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் இருக்கட்டும். தயிர்த் தண்ணீரின் புளிப்பு பட்டதுமே சோடா வேலை செய்யத் தொடங்கிவிடும், அதனால் பதினைந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். மணிக்கணக்கில் வைத்தால் அந்தக் காற்றெல்லாம் போய் ரொட்டி அமுங்கிவிடும்.

ஆறு உருண்டை வரும். சப்பாத்தியைவிடத் தடிமனாகத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போடு. மேலே குமிழ் எழும்பியதும் திருப்பி, ஒரு மூடி போட்டு ஒரு நிமிடம். எடுத்தவுடன் துணியில் சுற்றி வை. வெளியே விட்டால் காய்ந்து, மடிக்கும்போது விரியும்.

இப்போது கறி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்திருக்கும். சூடு இருக்கும்போதே பிய், ஆறிவிட்டால் சரியாகப் பிரியாது. துண்டை உற்றுப் பார்த்தால் நார் ஓடும் திசை தெரியும். பிள்ளைகளுக்கு அந்த நீளவாக்கிலேயே பிய்த்துப் போடலாம். மாமியாருக்கு மட்டும் நாருக்குக் குறுக்கே கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கு. கறி அதே கறிதான், ஆனால் நார் குட்டையாகிவிடுவதால் வாயில் சிக்காது. கறி வேகவைத்த தண்ணீரில் மிளகுத்தூள் தட்டிப் போட்டு, இன்னொரு கொதி விட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் கொடு.

காய்க்கு நம் பக்கம் குறையே இல்லை. ஓசூர் முட்டைக்கோசும் குடைமிளகாயும் மெல்லிசாக நறுக்கியது, சின்ன வெங்காயம், விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்தெடுத்த வெள்ளரி. ராயக்கோட்டைத் தக்காளி கிடைத்தால் நான்காகக் கீறி, உள்ளே இருக்கும் விதையையும் சாற்றையும் மறுநாள் ரசத்துக்கு ஒதுக்கிவிடு. சதை மட்டும் சாலட்டுக்கு. வடித்த தயிரில் ஒரு பல் பூண்டு தட்டிப் போட்டு, மிளகு, அரை மூடி எலுமிச்சை, புதினா சேர்த்து அடித்துக்கொள். அதோடு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியை ஒன்றிரண்டாக இடித்துப் போடு. மயோனைஸ் கொடுக்கும் கொழுப்புச் சுவையை அது கொடுக்கும், மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கறியும் காயும் தயிரும் தட்டுக்கு வரும்போதுதான் கலக்க வேண்டும். உப்பு கடைசியில். முன்னாலேயே உப்புப் போட்டால் காய் தண்ணீர் விட்டுவிடும், அத்தனை நேரம் பட்ட பாடு வீண்.

ரொட்டி மேல் முதலில் கோஸ், அதன் மேல் சாலட். கோஸ் நடுவில் நின்று ஈரத்தைத் தடுக்கும்.

சிப்காட் தம்பி, ஓசூர்

அக்கா சொன்னது அத்தனையும் சரி. மயோனைஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. சால்மோனெல்லா, ஈ.கோலி மாதிரிக் கிருமிகள் வரும் என்பதுதான் காரணம். பிள்ளைகளும் வயதானவர்களும் சாப்பிடும் வீடு, தயிரே நல்லது.

நாங்கள் நான்கு பேர் ஒரே ரூமில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. மாவு பிசைய முடியாத நாளில் மத்தியானச் சப்பாத்தியை எடுத்து இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, காய்ந்த கல்லில் மூடி போட்டு அரை நிமிடம் வைப்போம். மெத்தென்று வராது, ஆனால் மடிக்க வரும்.

அக்கா, ஒரு சந்தேகம். நைட் ஷிஃப்ட்டுக்கு இந்தச் சாலட்டை டப்பாவில் கொண்டுபோகலாமா? ராத்திரி ஒரு மணிக்குத்தான் சாப்பிடுவேன்.

பாலக்கோட்டு அக்கா

வேண்டாம் தம்பி. வெந்த கறியும் தயிரும் கலந்தது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீ ஒன்பது மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குள் நான்கு மணி நேரம் ஆகிவிடும். வேலை செய்கிற இடத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனதும் உள்ளே வைத்துவிடு, கவலையில்லை. இல்லையென்றால் அன்றைக்கு வறுத்த வேர்க்கடலையை இடித்து எடுத்துக்கொண்டு போ, அங்கே ரொட்டியில் வைத்துச் சாப்பிடு. மீந்த கறியைத் தயிர் கலக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். ஷிஃப்ட் இல்லாத நாளில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

களிப்பானை, தர்மபுரி

எங்கள் வீட்டில் ராகி இல்லாமல் ராத்திரிச் சாப்பாடு கிடையாது, அதனால் ரொட்டியிலும் கலந்துவிடுவேன். ராகியில் பசைத்தன்மை கொடுக்கும் குளூட்டன் இல்லை. தனியாகத் தேய்த்தால் ஓரம் வெடிக்கும், மடித்தால் உடையும். மூன்று பங்கு கோதுமைக்கு ஒரு பங்கு ராகி என்று வைத்துக்கொள்ளுங்கள். ராகி மாவை மட்டும் கொஞ்சம் கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கிளறி ஆறவிட்டு, பிறகு கோதுமையோடு சேர்த்துப் பிசைந்தால் நறநறப்பு தெரியாது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வளரும் பிள்ளைக்கும் மாமியாருக்கும் அது தேவைதானே. புதினாவுக்குப் பதில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அரைத்துத் தயிரில் கலந்தால் ராகி வாசனைக்கு இன்னும் பொருந்தும்.

மாந்தோப்பு வீடு, கிருஷ்ணகிரி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. தயிரை வடிகட்டியில் போட்டுவிட்டுத்தான் இன்று பஸ் ஏறினேன். ராகி கலந்தே செய்யப் போகிறேன், மாமியார் சந்தோஷப்படுவார். எலுமிச்சைக்குப் பதில் கிளிமூக்கு மாங்காய் போடலாமா அக்கா? வீட்டுப் பின்னால் மரம் நிறையத் தொங்குகிறது.

பாலக்கோட்டு அக்கா

போடலாம், எலுமிச்சையைவிட நன்றாகவே இருக்கும். நன்றாக முற்றிய காயாக, ஆனால் பழுக்காததாகப் பார்த்துப் பறி. பிஞ்சாக இருந்தால் துவர்க்கும். துருவாதே, துருவினால் சாறு விட்டுவிடும். தோல் சீவி மெல்லிய குச்சி குச்சியாக அரைக் காய் நறுக்கினால் ஆறு ரொட்டிக்குப் போதும். மாங்காய் போடும் நாளில் தக்காளியை விட்டுவிடு, இரண்டும் சேர்ந்தால் புளிப்பு தூக்கலாகிவிடும். மாமியாரின் பங்குக்கு மட்டும் மாங்காயைக் கறி மாதிரியே பொடியாக நறுக்கிப் போடு.