நத்தார்க் காலைக்கான பாண்–முட்டை வேகவைப்பு: ஆலோசனை தேவை

குழு உறவுகள் அனைவருக்கும் வணக்கம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும் அம்மா, விடியுமுன் எழுந்து இடியப்பம் பிழியாமல் இம்முறை எங்களோடு ஆறுதலாக அமர்ந்து உண்ண வேண்டும் என்பது என் பெருவிருப்பம். அதனால், வட அமெரிக்காவில் பலர் நத்தாருக்குச் செய்வதுபோல, பாணை முட்டையும் பாலும் கலந்த கலவையில் முதல்நாளிரவே ஊறவைத்து, காலையில் போறணையில் வேகவைக்க எண்ணியுள்ளேன்.

ஓர் இறாத்தல் பாணுக்கு எட்டு முட்டை, 600 மில்லிலீற்றர் பால், துருவிய சீஸ், வதக்கிய லீக்ஸ், வெங்காயம், பச்சைமிளகாய் என்பது என் கணக்கு. சற்றுக் காய்ந்த பாணே குழையாமல் நிற்கும் என்பதையும், எங்கள் வெக்கையில் முட்டைக் கலவையை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பதையும் அறிவேன்.

என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய மின்போறணை. 180 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 45 நிமிடங்கள் வைத்தாலும், சூட்டுக்கம்பி மிக அருகில் இருப்பதால் மேற்பகுதி கருகி நடுப்பகுதி வேகாது போய்விடுமோ என்பதே என் முதன்மையான கவலை. அலுமினியத் தாளால் மூடி வேகவைத்தால், அதை எப்போது அகற்றுவது? குளிர்ந்த கண்ணாடிப் பாத்திரம் திடீர்ச் சூட்டில் வெடிக்கக்கூடும் என்பதால் அலுமினியத் தட்டையே பயன்படுத்துவேன். பசும்பாலுக்குப் பதிலாகப் பால்மா கரைத்துச் செய்தவர்கள் இருந்தால், அது இறுகிய விதத்தையும் தயவுசெய்து எழுதுங்கள்.