டெபியன் மிரரில் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்': புதுப்பிப்பு

எங்கள் உள் மிரரில் (டெபியன் லினக்ஸ் காப்பகத்தின் உள்ளூர் நகல்) ஆப்ட் அப்டேட் (தொகுப்புப் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டினால் சில நேரம் மட்டும் 'ஹேஷ் சம் மிஸ்மேட்ச்' பிழை (கோப்பின் சரிபார்ப்புக் குறியீடான ஹேஷ் பொருந்தவில்லை) வருகிறது என்று இங்கே கேட்டிருந்தேன் அல்லவா, தீர்ந்துவிட்டது. பிராக்ஸி (இடையில் நின்று கோப்புகளை வாங்கித் தரும் சர்வர்) காரணமில்லை. பழைய ஸ்கிரிப்ட் ஒரே ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) ஓட்டத்தில் எல்லாவற்றையும் இழுத்தது. டெபியன் காப்பகமோ நாளைக்கு 4 முறை மாறும், அதனால் இன்ரிலீஸ் கோப்பு (பட்டியல் கோப்புகளின் ஹேஷ்கள் இருப்பது) புதியதாகவும் பேக்கேஜஸ் கோப்பு (தொகுப்புகளின் பட்டியல்) பழையதாகவும் கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில் யார் வந்தாலும் பிழைதான். அகரவரிசையில் டிஸ்ட்ஸ் அடைவு (இந்தப் பட்டியல் கோப்புகள் இருக்கும் இடம்) தொகுப்புகள் இருக்கும் பூலுக்கு முன்னால் வந்து தொலைப்பது வேறு.

சரி, இப்போது முதலில் பூல், அப்புறம் டிஸ்ட்ஸ், பழையதை அழிப்பது கடைசியில்தான். டெபியனின் எஃப்டிபிசிங்க் (மிரர் நடத்துபவர்களுக்கான ஸ்கிரிப்ட்) இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும், சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுவது வீண் வேலை. பை-ஹேஷ் அடைவை (பட்டியல் கோப்புகளை ஹேஷ் பெயரில் வைத்திருப்பது) மட்டும் விலக்கிவிடாதீர்கள், பழைய இன்ரிலீஸை வைத்திருக்கும் கணினிக்கும் அதற்குரிய பேக்கேஜஸ் கோப்பு அங்கேதான் கிடைக்கும்.