புதுப்பிப்பு: சிற்றலை வானொலியில் இரைச்சல், காரணம் கிடைத்தது

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், புதிதாக வாங்கிய கையடக்கச் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலியில் ‘கொர்ர்’ என்ற இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

ஆன்டெனாவை நீட்டியதில் இரைச்சல் கூடியதுதான் மிச்சம். பலன் தந்தது, வானொலியை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்கச் சொன்ன அன்பரின் யோசனை: அணைத்த கணமே இரைச்சல் அடங்கி, 10 மெகாஹெர்ட்சில் நொடிக்கொரு ‘டிக்’ எனும், நேரம் அறிவிக்கும் நிலையத்தின் குறிப்பொலி மெலிதாகக் கேட்டது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்ததில், குற்றவாளி நான் சந்தேகித்த ஏர்கான் அன்று, பூசை மாடத்து எல்இடி விளக்கின் அடாப்டர்.

எதிர்பாராத ஒன்று: பொழுதுபோக்கு வானொலியாளர்கள் பேசிக்கொள்ளும் 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் அலைவரிசையில் குரல்கள் வாத்து கத்துவதுபோல் ஒலித்தது பழுதன்று, வானொலியைக் கீழ்ப் பக்கப்பட்டைக்கு (LSB, அலையின் கீழ்ப்பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) மாற்றியதும் பேச்சு புரிந்தது. 14 மெகாஹெர்ட்சில் மேல் பக்கப்பட்டையை வைக்க வேண்டும்.