புரோகிரசிவ் பிரஸ்ஸில் பிரைமர் ஒழுங்காக வந்து சேரவில்லை: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். கிளப் துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்கான 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டாக்களை நான்கு நிலைகள் கொண்ட ஒரு புரோகிரசிவ் பிரஸ்ஸில் (ஒவ்வொரு கைப்பிடி இழுப்பிலும் பல உறைகளில் வெவ்வேறு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும் கருவி) நானே ரீலோட் செய்துவருகிறேன்; அதாவது சுட்ட உறையில் புதிய பிரைமர் (உறையின் அடியில் அமர்ந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு ஆகியவற்றை மீண்டும் ஏற்றுகிறேன். செங்குத்தான குழாயிலிருந்து பிரைமர் ஒரு சறுக்குப் பட்டையின் கிண்ணத்தில் விழ, அந்தப் பட்டை அதை ஷெல் பிளேட்டுக்கு (உறைகளைப் பிடித்திருக்கும் வட்டத் தட்டு) அடியில் கொண்டுசேர்க்கும் வகையைச் சேர்ந்த பிரஸ் இது. சில வாரங்களாக இடையிடையே ஓர் உறை பிரைமர் இல்லாமலேயே அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது. அடித்துளை வழியாக மருந்து கொட்டிய பிறகுதான் அது எனக்குத் தெரியவருகிறது. வேறு சில உறைகளில் பிரைமர் பக்கவாட்டில் சாய்ந்து நசுங்கியும், அரிதாகத் தலைகீழாகவும் இருக்கிறது. குழாயை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கைப்பிடியை இன்னும் பலமாகத் தள்ளச் சொல்கிறார் ஒரு நண்பர். அது சரியான யோசனையாக எனக்குப் படவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, பலமாகத் தள்ளவே வேண்டாம். பிரைமர் நசுக்கினால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள். ஒன்று வெடித்தால் குழாயில் வரிசையாக நிற்கும் மற்றவையும் தொடர்ந்து வெடிக்கக்கூடும் என்பதால்தான் அந்தக் குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் வைத்திருக்கிறார்கள். கைப்பிடி வழக்கத்துக்கு மாறாக இறுகினால் நிறுத்துங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு, மருந்துக் கலத்தையும் பிரைமர் குழாயையும் காலி செய்த பிறகே பிரஸ்ஸில் கை வையுங்கள். குழாயில் பிரைமர் சிக்கியிருந்தால் கம்பியால் குத்தி இறக்க முயல வேண்டாம். குழாயையே கழற்றி, முகத்தை விட்டு விலக்கிப் பிடித்து, மெதுவாகக் கவிழ்த்துக் கொட்டுங்கள்.

அடுத்து, சிக்கல் எந்த இடத்தில் தோன்றுகிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். பிரைமர் கிண்ணத்துக்கே வரவில்லையா, அல்லது வந்தும் உறைக்குள் ஏறவில்லையா? இவை இரண்டும் முற்றிலும் வேறான கோளாறுகள். பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நன்றாக இருக்கும் பாகங்களையெல்லாம் மாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் பட்டை முன்னால் வரும்போது கிண்ணத்தை ஒரு சிறு விளக்கொளியில் எட்டிப் பாருங்கள். வெறுங்கிண்ணமாக வந்தால் கோளாறு குழாய்க்கும் பட்டைக்கும் இடையில் இருக்கிறது.

வெறுமையாக வருவது எப்போது நிகழ்கிறது என்பதும் துப்புத் தரும். குழாயில் கடைசிச் சில பிரைமர்கள் மிஞ்சும்போது மட்டும் தவறினால், மேலிருந்து அழுத்தும் எடை போதவில்லை. பிரைமர்களின் மேல் அமர்ந்து இறங்கும் பிளாஸ்டிக் தொடர்கம்பி குழாய்க்குள் தடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள். குழாய் நிறைந்திருக்கும்போதும் ஒழுங்கில்லாமல் தவறினால், ஒன்று குழாயின் அடிமுனையிலுள்ள பிளாஸ்டிக் நுனி தேய்ந்தோ வளைந்தோ இருக்கும், அல்லது பட்டை குழாய்க்கு நேர்கீழே போய் நிற்காமல் சிறிது முன்னாலேயே நின்றுவிடும். நுனி தேய்மானப் பொருள் என்பதால் கூடுதலாக இரண்டு வாங்கி வைத்திருப்பது வழக்கம். சிறிய பிரைமரின் விட்டம் சுமார் 4.45 மி.மீ., பெரியதன் விட்டம் சுமார் 5.33 மி.மீ. என்பதால், கலிபர் (தோட்டாவின் அளவு) மாற்றுபவர்கள் நுனியையும் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

எனக்கு அதிகச் சந்தேகம் பட்டையின் மேல்தான். முதல் நிலையில் பழைய பிரைமரை வெளியேற்றும்போது உதிரும் கரியும், நீங்கள் சொன்னபடி துளை வழியாகக் கொட்டிய மருந்துத் துகள்களும் பட்டை ஓடும் தடத்தில்தான் போய்ச் சேரும். ஒரே ஒரு பிரைமர் தவறினால் மருந்து கொட்டுகிறது, அந்த மருந்து பட்டையைத் தடுக்கிறது, அதனால் அடுத்த பிரைமரும் தவறுகிறது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள்தான் பிரஸ்ஸே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். பட்டையைக் கழற்றி, தடத்தைத் தூரிகையால் துடைத்து, அடிப்பக்கத்தையும் பாருங்கள். எண்ணெய் போட வேண்டாம். டர்பனின் கடற்காற்றில் துரு பிடிக்கும் என்று பலர் எண்ணெய் பூசுகிறார்கள். அது துகள்களைப் பசைபோல் பிடித்துவைப்பதோடு, பிரைமரையும் கெடுக்கக்கூடும். துரு இருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் நீக்கிவிட்டு, கிராஃபைட் போன்ற உலர் மசகைத் தடவுங்கள். பட்டையை இழுக்கும் கம்பி சற்று வளைந்திருந்தாலும், திரும்பும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே விளைவு ஏற்படும்.

கிண்ணத்தின் உயரம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. அது அளவுக்கு மேல் உயர்ந்திருந்தால் பிரைமரின் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு போகிற வழியில் இடறும்; மிகவும் தாழ்ந்திருந்தால் இரண்டாவது பிரைமரும் பாதி இறங்கி, பட்டை நகரும்போது அது வெட்டுப்படும். நீங்கள் சொல்லும் சாய்ந்து நசுங்கிய பிரைமர்களுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பதில் (லெனேசியா)

ஐயா சொன்னதோடு உறையின் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். பிரைமர் கிண்ணத்தில் ஒழுங்காக இருந்தும் ஏறவில்லை என்றால், உறையின் அடியில் பிரைமர் அமரும் குழிக்குள் ஏற்கெனவே ஏதோ இருக்கிறதா என்று பாருங்கள். டீகேப்பிங் ஊசியின் (பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் ஊசி) முனையில் ஒட்டிக்கொண்ட பழைய பிரைமர், ஊசி மேலே ஏறும்போது அதனோடு மீண்டும் குழிக்குள் இழுக்கப்படுவது உண்டு; புதிய பிரைமர் அதன்மேல் மோதி நசுங்கும். ஊசி முனையை உருண்டையாகத் தேய்த்து மெருகேற்றினால் பெரும்பாலும் இது நின்றுவிடும். ஸ்பிரிங் வைத்த ஊசிகளும் கிடைக்கின்றன.

இராணுவத் தோட்டாக்களின் உறைகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளை விளிம்பு அழுத்தி மடிக்கப்பட்டிருக்கும். சுடுகளத்தில் பொறுக்கிய கலப்பு உறைகளில் இவை எப்படியும் சில வந்துவிடும். தலைமுத்திரை (உறையின் அடியில் பொறித்த எழுத்துகள்) பார்த்து அவற்றைப் பிரித்து, மடிப்பை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். ஷெல் பிளேட் தளர்ந்திருந்தால் உறை சாய்வாக நிற்கும், அதனாலும் பிரைமர் கோணலாக ஏறும்.

எங்கள் பக்கத்துக் குளிர்காலம் வறண்டது. ஈரமில்லாத அந்த மாதங்களில் பிளாஸ்டிக் பாகங்களில் நிலைமின்சாரம் ஏறி, மருந்துத் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஊரில் இது அவ்வளவாக இருக்காது. பழைய பிரைமரைத் தனியாக ஒற்றைநிலைப் பிரஸ்ஸில் முன்பே நீக்கி, உறைகளைக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொண்டால், கரி தடத்தில் விழுவதே இல்லை. நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனாலும் நான் வேறு முறைக்கு மாறுவதாக இல்லை.

இன்னொன்று. உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக்கு 2,400 பிரைமர்களுக்கு மேல் வைத்திருக்கச் சாதாரண உரிமதாரருக்கு நம் தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் (2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம்) இடம் தருவதில்லை. எனவே பிரைமர்களைப் போட்டுப் போட்டுச் சோதிக்காமல், காலிக் குழாயுடன் பட்டையின் அசைவை முதலில் கண்ணால் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. கழற்றிப் பார்த்ததில் தடத்தின் பின்கோடியில் கரியும் மருந்தும் இறுகிப் படிந்திருந்தன. அதனால் பட்டை குழாய்க்கு நேர்கீழே போகாமல் நின்றிருக்கிறது. துடைத்து, கிராஃபைட் தடவி, நுனியையும் மாற்றினேன். வெறுங்கிண்ணம் இப்போது வருவதில்லை, சாய்ந்து நசுங்குவதும் நின்றுவிட்டது. தலைகீழாக ஒன்றிரண்டு மட்டும் இன்னும் வருகின்றன. அதற்கும் பட்டைதான் காரணமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இல்லை தம்பி. குழாய்க்குள் இறங்கிய பிரைமர் அங்கே புரள இடமில்லை. அது தலைகீழாக வருகிறதென்றால் தலைகீழாகவே உள்ளே போயிருக்கிறது. வரியோடிய தட்டில் பிரைமர்களைக் குலுக்கித் திருப்பும்போது ஒன்றிரண்டு திரும்பாமல் இருந்துவிடும். எடுக்கும் குழாயால் குத்தி எடுப்பதற்கு முன் தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி மின்ன வேண்டும், வேறு மாதிரி தெரிவது உடனே கண்ணில் படும். தட்டில் அளவுக்கு மேல் நிரப்பாமல், ஒரு பெட்டி நூறை மட்டும் கொட்டிக் கையாளுங்கள்.

சரிசெய்த பிறகு வரும் முதல் தோட்டாக்களின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 0.08 முதல் 0.13 மி.மீ. வரை இறங்கியிருக்க வேண்டும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் தோட்டாவைத் திரும்பவும் பிரஸ்ஸில் வைத்து அழுத்தாதீர்கள். மருந்தும் குண்டும் ஏறிய தோட்டாவில் அந்த வேலை ஆபத்தானது. அதைத் தனியே எடுத்துவைத்து, பிறகு குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிடலாம்.