போர்ட்: துறையா, வாயா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிக்கு வந்துபோகும் இணையத் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வாலின் அமைப்புப் பக்கத்தைத் தமிழாக்கும் வேலை ‘போர்ட்’ (port) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் பத்து நாளாக நிற்கிறது. ‘துறை’ என்று வைத்துவிடலாம் என முதலில் எழுதியவன் நான்தான். அந்தக் கருத்தை இப்போது திரும்பப் பெறுகிறேன். காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடலூர் முதுநகரில் வளர்ந்தவனுக்குப் போர்ட் என்றதும் துறைமுகம்தான் கண்ணில் நிற்கும். தெற்கே பரங்கிப்பேட்டைக்குப் போர்ச்சுக்கீசியர் இட்ட ‘போர்ட்டோ நோவோ’ என்ற பெயருக்கே புதிய துறைமுகம் என்பதுதான் பொருள். ஆனால் லத்தீனில் துறைமுகத்துக்குப் போர்ட்டுஸ், கோட்டை வாயிலுக்குப் போர்ட்டா, சுமந்து செல்வதற்குப் போர்ட்டாரே எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. கடந்துபோதல் என்ற ஒரே வேரில் கிளைத்த அவை ஆங்கிலத்துக்கு வரும்போது ஒரே உருவத்தில் வந்து சேர்ந்துவிட்டன. நாம் துறைமுகத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

கணினியில் நடப்பதைப் பாருங்கள். செய்திப் பொட்டலம், வலைப்பின்னலில் கணினியை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியைக் கொண்டு கணினியை வந்தடைகிறது. அந்தக் கணினியில் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்பதைப் போர்ட் எண் சொல்கிறது. 16 பிட் எண் என்பதால் 0 முதல் 65535 வரை போகும். மறையாக்கம் இல்லாத இணையப் பக்கத்துக்கு 80, மறையாக்கம் உள்ளதற்கு 443, அஞ்சல் பரிமாற்றத்துக்கு 25. துறைமுகம் என்ற உவமை வேண்டுமென்றால் முழுக் கணினியும்தான் துறைமுகம். போர்ட் அதன் ஒரு திறப்பு.

பெரிய இடையூறு வினைச்சொல்லில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் போர்ட் திறக்கப்படும், மூடப்படும், அடைக்கப்படும். ‘துறை மூடப்பட்டுள்ளது’ என்று எழுதினால் படிப்பவர் ஏதோ அரசுத் துறையைக் கலைத்துவிட்டார்கள் என்று எண்ணுவார். ‘துறை எண் 22’ என்பது அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டிய தொடர். வரைவை நானே உரக்கப் படித்துப் பார்த்தபோதுதான் இது உறைத்தது.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு செல்போன் பழுதுபார்க்கும் கடையில் நின்றிருந்தேன். மீன்கூடையைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். போனைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டி, “தம்பி, இதன் வாய் அடைத்துக்கொண்டது, சார்ஜ் ஏறவில்லை” என்றார். கடைக்காரர் மெல்லிய ஊசியால் நெருடினார். மேசைக் கண்ணாடிமேல் நாலைந்து மணல் துகள்கள் விழுந்தன. ஒயரைச் செருகியதும் விளக்கு எரிந்தது. கடைக்காரர் ‘சார்ஜிங் போர்ட்’ என்றுதான் சொன்னார். அந்த அம்மாவுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தால் படகு கடலுக்குப் போக முடியாது என்பதைப் பார்த்தே வாழ்பவர். அடைபட்டதை வாய் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: கருவியில் கண்ணுக்குத் தெரியும் போர்ட்டுக்குச் ‘செருகுவாய்’. யு.எஸ்.பி. செருகுவாய், சார்ஜர் செருகுவாய். வலைப்பின்னலில் எண்ணால் அறியும் போர்ட்டுக்குத் ‘துறைவாய்’. ‘துறைவாய் 443 திறந்திருக்கிறது’, ‘இந்தத் துறைவாயை வேறொரு செயலி பயன்படுத்துகிறது’ என்று எழுதிப் பார்த்தேன். வாசகம் இடறவில்லை.

‘வாயில்’ போதாதா என்று புதுச்சேரி நண்பர் கேட்டிருந்தார். நல்ல சொல்தான். ஆனால் ஒரு வலைப்பின்னலை மற்றொன்றோடு இணைக்கும் கேட்வேயை நுழைவாயில் என்று ஏற்கெனவே எழுதிவருகிறோம். இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த வரியில் வருகின்றன. ‘முனையம்’ என்ற சொல்லோ, கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலுக்குப் போய்விட்டது. வாய் என்பது கொச்சையாக ஒலிக்கிறது என்ற தயக்கத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. கால்வாய், கணவாய், வாய்க்கால் எல்லாம் எழுத்தில் மதிப்போடுதான் இருக்கின்றன. அவற்றில் எதுவும் குழு கூடி ஆக்கிய சொல்லும் அல்ல.

இன்னொரு போர்ட் இருக்கிறது. ஒரு கணினி வகைக்கு எழுதிய நிரலை மற்றொன்றில் ஓடும்படி மாற்றி அமைப்பதும் போர்ட் செய்தல்தான். இது சுமந்து செல்லும் போர்ட்டாரேயின் வழி வந்தது. இதற்குத் துறையும் வேண்டாம், வாயும் வேண்டாம். ‘தளம்பெயர்த்தல்’ என்று வைப்போம். வழிநூல் வகைகளைச் சொல்லும்போதே மொழிபெயர்த்தலைத் தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. புலம்பெயர்தல் நம் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. பெயர் என்ற வினைக்கு இன்னும் வலு இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்துக்குத் தளம்பெயர்த்த செயலி என்றால் விளக்கம் தேவைப்படாது. 2011இல் நாடு முழுவதும் வந்த, செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் ‘போர்ட்’ வசதியை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே எண் அப்படியே இருக்க, மாறுவது நிறுவனம்.

கப்பலின் இடப்பக்கத்தையும் போர்ட் என்கிறார்கள். முன்பு அதற்கு லார்போர்ட் என்று பெயர். வலப்பக்கமான ஸ்டார்போர்டோடு ஒலி குழம்பியதால் 1844இல் பிரிட்டிஷ் கடற்படை போர்ட் என்ற சொல்லையே கட்டாயமாக்கியது. உயிரைப் பணயம் வைத்து வேலை செய்யும் இடத்தில் இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பது எவ்வளவு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பக்கத்திலும் ஒருவர் நள்ளிரவில் சர்வரைச் சரிசெய்துகொண்டு, துறையா துறைமுகமா முனையமா என்று தடுமாறக் கூடாது.

போர்ட் என்ற ஒலியைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரே தமிழ்ச்சொல்லை ஒட்டவைக்க வேண்டியதில்லை. ஏர்போர்ட்டை விமான நிலையம் என்றோம், பாஸ்போர்ட்டைக் கடவுச்சீட்டு என்றோம். இரண்டிலும் துறை இல்லை. ஒருவருக்கும் குறையாகத் தெரியவில்லை.

பழைய வரைவில் ‘துறை’ வரும் இடங்களை நானே மாற்றித் தருகிறேன். இயந்திரத்தனமாக மாற்றினால் ‘கல்வித் துறை’யும் ‘கல்வித் துறைவாய்’ ஆகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். துறைவாய்க்கு மறுப்பு இருந்தால், அதற்குப் பதிலாக வைக்கும் சொல்லைத் திற, மூடு, அடை என்ற மூன்று வினைகளோடும் ஒரு வாக்கியத்தில் எழுதி அனுப்புங்கள்.