ராமானுஜன் ஃபெல்லோஷிப்பை நம்பிச் சென்னை திரும்பலாமா?

கேள்வி – வேளச்சேரிப் பெண்:
ஜெர்மனியில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), புரத ஆராய்ச்சி. அப்பாவும் அம்மாவும் இங்கே தனியாக இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கு அரசு தரும் ராமானுஜன் ஃபெல்லோஷிப்பில் மாதம் 1,35,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு வருடம் 7 லட்சம் என்கிறார்கள். 5 வருடம் முடிந்த பிறகு என்ன செய்வது?

குரோம்பேட்டை:
நானும் அப்படி வந்தவன்தான். நிரந்தர வேலை கிடைத்ததும் ஃபெல்லோஷிப் நின்றுவிடும். அதனால் வந்த முதல் வருடமே விண்ணப்பம் போட ஆரம்பியுங்கள். அப்புறம் ரசாயனங்கள். எனக்கு வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய என்சைம் (நொதி) ஆவணத்தில் ஒரு தாள் குறைந்ததால் சரக்குக் கிடங்கில் தேங்கி, குளிர்ச்சிக்கு வைத்த உலர்பனி முழுக்க ஆவியாகி வீணானது. அதற்கு மாற்று வரும்வரை மாணவன் சும்மா உட்கார்ந்திருந்தான். சம்பளத்தைவிட இதைத்தான் அரசு முதலில் சரிசெய்ய வேண்டும்.

அடையாறு:
வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்காக 1958இல் சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆய்வுக் கழகம்) தொடங்கிய விஞ்ஞானிகள் பூல் திட்டமும் தற்காலிக இடம்தான். இன்னும் அதையே கொடுக்கிறோம் என்பது வேதனை.

வேளச்சேரிப் பெண்:
வைபவ் திட்டம்?

குரோம்பேட்டை:
அது வெளிநாட்டில் பதவியில் இருக்கும் இந்திய வம்சாவளி விஞ்ஞானிகளுக்கு. வருடத்தில் ஒன்றிரண்டு மாதம் வந்து போகலாம், மாதம் 4 லட்சம். உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் சேரப்போகும் நிறுவனத்திடம் ஆய்வக இடம் எத்தனை சதுர அடி, உறைபெட்டி உண்டா என்று எழுத்தில் வாங்கிவிட்டு டிக்கெட் போடுங்கள்.